பூட்டானில் செச்சுத் திருவிழாவைக் காண எப்போது, எப்படிச் செல்வது?

வைகைக்கரை கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். மதுரையிலிருந்து நாங்கள் நால்வர் பூட்டான் செல்ல எண்ணியிருக்கிறோம். நானும் என் மனைவியும், எழுபது வயதான என் தாயாரும், பதினொரு வயது மகனும் வருகிறோம். மலைகளைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அங்குள்ள மடாலயங்களில் முகமூடி அணிந்து ஆடும் செச்சுத் திருவிழா ஒன்றையேனும் நேரில் காண வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இரண்டு பயண முகவர்களிடம் விசாரித்தேன். இருவரும் ஆறு நாட்களில் திம்பு, புனாகா, பாரோ ஆகிய மூன்று ஊர்களையும் காட்டி, திருவிழாவுக்கு அரை நாள் ஒதுக்கித் திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். அரை நாள் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாரோ, திம்பு இரண்டில் எது எங்களுக்கு ஏற்றது? என் தாயார் முழுச் சைவ உணவுக்காரர், முழங்கால் வலியும் உண்டு. தக்சாங் எனப்படும் புலிக்குகை மடத்துக்கு அவரால் ஏற முடியுமா? இவற்றைவிட என்னை உறுத்தும் கேள்வி ஒன்று இருக்கிறது. செச்சு அந்த மக்களின் வழிபாடு. நாம் போய் இருக்கை பிடித்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பது முறையாகுமா? "நான் அங்கே சாமி கும்பிடலாமாடா?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சென்று வந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைச்சாரல் எழுதியது:

ஐயா, உங்கள் தாயார் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். தாராளமாகக் கும்பிடலாம். செச்சு ஒரு கலைநிகழ்ச்சி அன்று. ஆடுவோர் துறவிகளும், நோன்பிருந்து பயிற்சி பெற்ற ஊர்மக்களும் ஆவர். அந்த ஆட்டத்தைக் காண்பதே புண்ணியம் என்பது காண வருவோரின் நம்பிக்கை. ஆகவே கைகூப்பி அமர்ந்திருக்கும் ஒரு பாட்டியை அங்கே யாரும் அயலாராகப் பார்க்கமாட்டார்கள். படக்கருவியோடு ஆடுகளத்துக்குள் குறுக்கே நடப்பவரைத்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

நாள் குறிப்பது பற்றி. "செச்சு" என்ற சொல்லுக்கே பத்தாம் நாள் என்றுதான் பொருள். நம் கணக்கில் வளர்பிறை தசமி. குரு ரின்போச்சே என்று அவர்கள் போற்றும் பத்மசம்பவரின் நினைவாக அந்தத் திதியை ஒட்டி விழா எடுக்கிறார்கள். நிலவை வைத்துக் கணக்கிடுவதால் ஆங்கில நாட்காட்டியில் தேதி ஆண்டுதோறும் நகரும். திம்பு செச்சு 2024இல் செப்டம்பர் 13 அன்று தொடங்கியது. 2025இலோ அக்டோபர் 2 அன்று, சரியாக நம் விசயதசமி நாளில் தொடங்கியது. பாரோ செச்சு அவர்களின் இரண்டாம் மாதத்து வளர்பிறை ஏகாதசியில் தொடங்கி முழுநிலவு நாளில் முடியும். 2024இல் அந்த நிறைவு நாள் மார்ச் 25, நம் பங்குனி உத்திரம். எனவே பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த உங்கள் தாயாருக்கு இந்த விழாக்களின் காலம் எளிதில் பிடிபட்டுவிடும். எனினும் அவர்களுடைய அதிமாதக் கணக்கு வேறு என்பதால் சில ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வேறுபடலாம். பூட்டான் சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விழாப் பட்டியலைப் பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

அரை நாள் போதாது. அந்தத் திட்டத்தைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள். முதல்முறை சென்றபோது நானும் அப்படி ஒரு திட்டத்துக்கு ஒப்புக்கொண்டு ஏமாந்தேன். காலை பதினொரு மணிக்கு அழைத்துப் போனார்கள், ஒரு மணிக்கு உணவுக்குக் கிளப்பிவிட்டார்கள். ஆறேழு முகமூடிகளையும் சில படங்களையும் தவிர மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. மறுமுறை பாரோவில் மூன்று நாட்கள் ஒரே திடலில் உட்கார்ந்திருந்தேன். விழா என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

உதாரணமாக, ரக்‌ஷா மார்ச்சாம் என்ற ஆட்டம் ஒன்றுண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும். இறந்த உயிருக்கு நடக்கும் தீர்ப்பே அதன் கதை. எருதுத் தலையும் வேறு விலங்குத் தலைகளும் தாங்கிய ஏவலர்கள் முதலில் நெடுநேரம் ஆடுவார்கள். பிறகு "சின்ஜே சோக்கியால்" என்ற பேருருவை எடுத்து வருவார்கள். சின்ஜே என்றால் எமன், சோக்கியால் என்றால் தருமராசன். நம் எமதருமராசனேதான். கறுப்பு உடை உடுத்த பாவி ஒருவனை இழுத்து வந்து நிறுத்துவார்கள். வெண்ணிறத் தெய்வம் அவனுக்காக வாதாடும், கறுப்பு அரக்கன் எதிர்வாதம் செய்யும். தராசில் நிறுத்துப் பார்த்த பின் கறுப்புத் துணி விரித்த வழியில் அவனை நரகத்துக்கு ஓட்டுவார்கள். அடுத்து வரும் நல்லவனுக்கோ வெள்ளைத் துணி விரிப்பார்கள். என் பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர், கறுப்புத் துணியை விரித்தபோது உருட்டிக்கொண்டிருந்த மணிமாலையை நிறுத்திவிட்டு உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டார். வெள்ளைத் துணி வரும்வரை அவர் விரல் அசையவே இல்லை. இதை மூங்கில் கூடையில் கட்டிவந்த சோற்றோடு குடும்பம் குடும்பமாக அமர்ந்து பார்க்கிறார்கள். இறந்த பின் தாம் காணப்போகும் உருவங்களை முன்கூட்டியே அறிந்துகொண்டால் அந்த நேரத்தில் அச்சம் தோன்றாது என்பது அவர்கள் கருத்து. உங்கள் தாயாருக்கு இந்தக் கதையை நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

கருந்தொப்பி அணிந்து ஆடும் சாநாக் ஆட்டத்துக்கும் பின்னணி உண்டு. பௌத்தத்தை ஒடுக்கிய திபெத்திய அரசன் லாங்தர்மாவை 842இல் பெல்க்கி தோர்ஜே என்ற துறவி கொன்ற வரலாற்றை அது நினைவுகூர்கிறது. அவர் அகன்ற சட்டைக் கைகளுக்குள் வில்லை மறைத்து எடுத்துச் சென்றதாகச் சொல்வார்கள். ஆடுவோர் சுழலும்போது அந்தக் கைகள் விரிவதைப் பார்த்தால், கதை தெரிந்தவருக்கு அது வெறும் ஆடையலங்காரமாகத் தோன்றாது.

ஆட்டங்களுக்கு இடையே செம்முகமூடியும் நீண்ட மூக்குமாக அத்சராக்கள் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். இந்தப் பெயர் நம் "ஆசாரியர்" என்ற சொல்லின் திரிபு. இந்தியாவிலிருந்து சென்ற ஆசான்களின் நினைவு அதில் இருக்கிறது. அவர்கள் கையில் ஆண்குறி வடிவில் செதுக்கிய மரத்துண்டு இருக்கும். தீமையை விரட்டும் பொருளாக அதை மதிக்கிறார்கள், புனாகாப் பக்கத்தில் வீட்டுச் சுவர்களிலும் வரைந்திருப்பார்கள். மகனிடம் முன்பே இயல்பாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.

பாரோவா, திம்புவா என்றால் நான் பாரோ என்பேன். காரணம் அந்த நிறைவு நாள் விடியல். தோங்த்ரெல் என்ற மாபெரும் பட்டுத் திரையை அன்று விரிக்கிறார்கள். கண்டாலே விடுதலை என்பது அந்தப் பெயரின் பொருள். வண்ணப் பட்டுத் துண்டுகளை ஒட்டித் தைத்து, குருவையும் அவரது எட்டு வடிவங்களையும் உருவாக்கியிருக்கிறார்கள். பல மாடி உயரக் கட்டடம் ஒன்றின் முகப்பு முழுவதையும் அது மூடிவிடும். வெயில் அதன்மேல் படக்கூடாது என்பதால் இருட்டிலேயே விரித்து, காலைக் கதிர் எட்டுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். நாங்கள் விடுதியிலிருந்து கிளம்பியபோது மணி மூன்று. முழுநிலவு என்பதால் வழி தெளிவாகத் தெரிந்தது. வரிசையில் நின்று திரையின் அடி ஓரத்தில் நெற்றியை வைத்து வணங்கினோம். எனக்கு முன்னால் ஒரு பெண் தூங்கும் குழந்தையின் தலையை மெல்லச் சாய்த்து அந்தப் பட்டில் தொடவைத்தார், குழந்தை விழிக்கவே இல்லை. அன்று பகல் விமானத்தில் திரும்பும்படி உங்கள் முகவர் திட்டமிட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

எல்லைச்சாவடி எழுதியது:

மலைச்சாரல் ஐயா விழாவைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் நடைமுறையைச் சொல்கிறேன்.

பூட்டானுக்குள் நுழைய ஆதார் அட்டை செல்லாது. கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். மகனுக்குக் கடவுச்சீட்டு இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள், அது ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. இந்தியர்களுக்கு இரவொன்றுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பாதிக் கட்டணம். உங்கள் குடும்பத்துக்கு இரவுக்கு 4,200 ரூபாய் ஆகிறது. முகவர் சொன்ன தொகையில் இது அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த இழையைப் படிக்கும் மலேசிய, சிங்கப்பூர், இலங்கைத் தமிழர்கள் கவனிக்க: உங்களுக்கு இது இரவுக்கு நூறு அமெரிக்க டாலர். 2022இல் இருநூறாக இருந்ததை 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்தார்கள்.

விமானத்தில் செல்வதானால் கொல்கத்தா, தில்லி, பாக்டோக்ராவிலிருந்து பாரோவுக்குச் செல்லலாம். மலைகளுக்கு நடுவே பகல் வெளிச்சத்தில் மட்டுமே இறங்கும் நிலையம் அது. வானிலை கெட்டால் தாமதமாகும். ஆகவே திரும்பும் நாளன்றே கொல்கத்தாவிலிருந்து மதுரைக்கு அடுத்த விமானத்தை நெருக்கி வைக்காதீர்கள். தரைவழி என்றால் ஹாசிமாரா தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி, ஜெய்கான் வழியாக புந்த்சோலிங் எல்லையைக் கடக்க வேண்டும். அங்கிருந்து திம்புவுக்கு வளைந்து வளைந்து ஐந்தாறு மணி நேரம் ஆகும். முழங்கால் வலியுள்ளவருக்கு ஒருவழியேனும் விமானம் வைப்பது நல்லது. விழா நாட்களில் பாரோவில் அறைகளும் விமான இருக்கைகளும் வெகு விரைவில் தீர்ந்துவிடும்.

உயரத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். பாரோ ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தில்தான் இருக்கிறது. திம்புவிலிருந்து புனாகா செல்லும் வழியிலுள்ள தோச்சுலா கணவாய் மட்டும் 3,100 மீட்டர், தொட்டபெட்டாவைவிட உயரம். அங்குள்ள 108 தூபிகளைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். 2003 திசம்பரில் எல்லைக் காடுகளில் முகாமிட்டிருந்த அசாம் போராளிகளை வெளியேற்றும் போரில் இறந்த பூட்டான் வீரர்களுக்காக அரசி ஆசி தோர்ஜி வாங்மோ வாங்சுக் அவற்றை எழுப்பினார்.

சைவ உணவு கிடைக்கும். எமா தாட்சி என்பது பச்சை மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியில் வேகவைப்பது. நம் காரம் அதற்கு முன் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு உருளைக்கிழங்கில் செய்யும் கெவா தாட்சியும் சிவப்பரிசிச் சோறும் ஒத்துக்கொள்ளும். சுஜா என்பது உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீர். அதைத் தேநீர் என்று எண்ணாமல் சூப்பு என்று எண்ணிக் குடித்தால் பிடித்துப்போகும்.

சோங் எனப்படும் கோட்டை மடங்களுக்குள் முழுக்கை, முழுக்கால் உடை கட்டாயம். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். அம்மாவின் சேலை மிகவும் பொருத்தமான உடை, உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளட்டும். விடியற்காலையில் குளிர் எலும்பைத் துளைக்கும்.

தூரத்துப்பறவை எழுதியது:

மலைச்சாரல் அவர்களின் கருத்தில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. பாரோவிலும் திம்புவிலும் கூட்டம் மிகுதி. கிழக்கே பும்தாங் பள்ளத்தாக்கில் அக்டோபர் அல்லது நவம்பரில் நடக்கும் ஜம்பே லாக்காங் என்ற கோயிலின் விழாவுக்கு நான் சென்றிருந்தேன். ஏழாம் நூற்றாண்டில் திபெத்திய அரசன் சோங்சென் காம்போ ஒரே நாளில் எழுப்பியதாகச் சொல்லப்படும் 108 கோயில்களில் ஒன்று அது. இரவில் காய்ந்த கிளைகளால் வளைவு அமைத்துத் தீ மூட்டுகிறார்கள், எரியும் வளைவின் கீழே ஊரே ஓடுகிறது. நம் பூக்குழித் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெப்பத்தின் முன் நிற்பது புதிதாகவும் இருக்கும், பழகியதாகவும் இருக்கும். பக்கத்திலுள்ள தம்ஷிங் மடத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் பிறந்த பெமா லிங்பா என்ற பௌத்த மகான் தம் கையால் செய்ததாகக் கருதப்படும் இரும்புச் சங்கிலி அங்கி இருக்கிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று முறை வலம்வந்தால் பாவம் தீரும் என்கிறார்கள். சுமார் 25 கிலோ எடை. இரண்டாம் சுற்றில் என் தோள் நொந்தது. எனக்குப் பின்னால் நின்ற சிற்றூர்ப் பெண் சங்கிலியின் ஓரத்தைக் கையில் தாங்கிக்கொண்டு மூன்றாம் சுற்று முழுவதும் என்னுடன் நடந்தார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த விழாவில் நள்ளிரவில் ஆடையின்றி ஆடும் சடங்கு ஒன்றுண்டு. அதைப் படம் எடுக்கத் தடை இருக்கிறது, அது முற்றிலும் சரியான தடை. தொலைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுச் செல்ல முடியாதவர்கள் அங்கே போகாமலிருப்பதே அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை.

மலைச்சாரல் எழுதியது:

பும்தாங்கின் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் திம்புவிலிருந்து அங்கே செல்ல ஒரு முழுப் பகல் மலைப்பாதையில் வண்டியில் குலுங்க வேண்டும், திரும்பவும் அதே பாதைதான். எழுபது வயதுத் தாயாரை உடன் வைத்துக்கொண்டு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்பர்களாகச் செல்வோருக்கு நானும் பும்தாங்கையே சொல்வேன்.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எமதருமராசன் வரும் இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். பாரோ என்று முடிவு செய்துவிட்டோம். விழா ஏப்ரலில், மகனின் ஆண்டுத் தேர்வுக்குப் பின் வரும் ஆண்டாகப் பார்த்துச் செல்வோம். ஆறு இரவுகளில் நான்கைப் பாரோவிலும், ஒன்றைத் திம்புவிலும், ஒன்றைப் புனாகாவிலும் வைக்கலாம் என்றிருக்கிறேன். தக்சாங் பற்றி மட்டும் யாராவது சொன்னால் நல்லது. அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கீச்சுத்தோட்டம் எழுதியது:

வணக்கம் தம்பி. என் அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, அவரை அழைத்துச் சென்ற அனுபவத்தைச் சொல்கிறேன்.

தக்சாங் 3,120 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையின் விளிம்பில் இருக்கிறது. குரு ரின்போச்சே பெண்புலி மீதேறி வந்து தவமிருந்த குகை என்பது நம்பிக்கை. 1692இல் அங்கே மடம் எழுப்பினார்கள். 1998இல் தீயில் பெரும்பகுதி அழிந்துவிட, பழைய வடிவிலேயே கட்டி முடித்து 2005இல் மீண்டும் திறந்தார்கள். நன்றாக நடப்பவர்களுக்கே ஏற இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். பாதி வழி வரை குதிரை கிடைக்கும். ஏறுவதற்கு மட்டும்தான் குதிரை, இறங்கும்போது நடந்தே ஆக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இறக்கம்தான் கொடுமை. பாதி வழிக்கு மேலே சென்றபின் ஓர் அருவி வரை நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி, மறுபடி ஏறித்தான் மடத்தை அடைய முடியும். என் அம்மாவைக் குதிரையில் பாதி வழி வரை அழைத்துச் சென்று, அங்குள்ள சிற்றுண்டிச்சாலையில் அமரவைத்தோம். அங்கிருந்தே மடம் எதிரில் நன்றாகத் தெரியும். நாங்கள் மேலே போய் வரும்வரை அவர் அங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் இறங்கும்போது மிகவும் சிரமப்பட்டார், இரண்டு நாட்கள் கால் வீங்கியிருந்தது. இன்று கேட்டால் அவரைக் கீழேயே விட்டிருப்பேன். நீங்களும் உங்கள் மகனும் மட்டும் விழாவுக்கு முந்தைய நாள் ஏறி வாருங்கள்.

அம்மாவையும் மருமகளையும் அன்று கீச்சு லாக்காங்குக்கு அனுப்புங்கள். பாரோ ஊருக்கு அருகிலேயே, சமதரையில் இருக்கிறது. அதுவும் அந்த 108 கோயில்களில் ஒன்றுதான், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளிச்சுவரைச் சுற்றி வழிபாட்டு உருளைகள் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் வலமாகச் சுழற்றிக்கொண்டே கோயிலை வலம்வர வேண்டும். நமக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லாத வழிபாடு. முற்றத்தில் இரண்டு ஆரஞ்சு மரங்கள் நிற்கின்றன, ஆண்டு முழுவதும் காய்க்கும் என்று சொல்கிறார்கள்.

தக்சாங்குக்குப் போன மறுநாள், வீங்கிய காலோடு அம்மாவை அங்கே உட்காரவைத்திருந்தேன். பக்கத்துத் திண்ணையில் அவர் வயதொத்த ஒரு பூட்டான் பாட்டி, மடியிலிருந்து சிறு பையை அவிழ்த்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாதிப் பாக்கை வைத்து மடித்து நீட்டினார். தோமா என்பார்கள். பாக்கை ஊறவைத்துப் பதப்படுத்துவதால் வாடை கடுமையாக இருக்கும், உடனே உடம்பு சூடேறும். என் அம்மா அதை வாயில் போட்டுக்கொண்டு, தம் முந்தானை முடிச்சிலிருந்த மதுரைக் கொட்டைப்பாக்கை அவருக்குக் கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நாங்கள் இரண்டாம் சுற்று முடித்து வந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உங்கள் அம்மாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் கொஞ்சம் கொட்டைப்பாக்கு எடுத்து வரச் சொல்லுங்கள்.